தட்டிருச்சு

சித்தெ நகந்து உக்காருங்க சார். பை பெரிசில்ல, மடியிலயே வெச்சுக்கறேன். எனக்கு இந்த முன் சீட்டுத்தானுங்க வேணும். ரோடு கண்ணுக்குத் தெரியாம என்னால பஸ்ஸுல போக முடியாதுங்க. பின்னாடி உக்காந்தா வவுத்தப் பொரட்டுது. முப்பத்தொரு வருசம் ரோட்டப் பாத்துட்டே வந்தவனுக்கு, முன்னாடி இருக்கறவன் முதுகப் பாத்துட்டு வரச் சொன்னா எப்படீங்க.

ஆமாங்க, டிரைவர்தான். தாராபுரம் லைன்ல பிரைவேட் பஸ். நாச்சிமுத்துன்னு கேட்டா அந்த லைன்ல தெரியாதவங்க இல்லீங்க. ரிட்டயர்டு ஆகி மூணு வருசமாச்சு. முப்பத்தொரு வருசத்துல ஒரு கீறல் கெடையாது, வண்டிக்கும் சரி, மனுசனுக்கும் சரி. கோழி ரெண்டு மூணு இருக்கும். ஒரு ஆடு. அதையெல்லாம் சேத்துப் பேசற வழக்கமில்லீங்க.

என்ற காலப் பாக்கறீங்களா? அது அப்படித்தான். பிரேக் மிதிக்குது. இந்த டிரைவர் தம்பி மிதிக்கறதுக்கு முன்னாடி என்ற கால் மிதிச்சுப் போடுது. ஊட்டுல டிவி பாக்கறப்பக்கூட அதுல கார் வேகமா போச்சுன்னா என்ற கால் தரைய அமுக்கும்னு ஊட்டுக்காரி சிரிக்கறா.

அதா, முன்னாடி ஒரு சைக்கிள். பால்காரன். தம்பி, போலாம் போலாம், எதுக்க ஒண்ணுமில்ல, ஏறிப் போங்க. பாத்தீங்களா சார், நான் கைய ஆட்டினதும் எடுத்துட்டான். நல்ல பையன், புரிஞ்சுக்கறான். டிரைவருக்கு டிரைவர் கையே போதுமுங்க, வாயத் தொறக்க வேண்டியதில்ல.

நான் வேலாங்காட்டுப் பிரிவுல எறங்கறேன், ஊருக்கு ரோடு பிரியற எடத்துல. எம்பொண்ண அந்த ஊர்லதான் கட்டிக் குடுத்திருக்குது. இந்த பஸ்ஸு அங்க நிக்காது, கண்டக்டர்கிட்டச் சொல்லித்தான் ஏறினேன். 'விசில் ஊதோணுங்களா'ன்னு கேட்டார். 'நீங்க பின்னாடி டிக்கெட்டுப் போடுங்க, நான் முன்னாடிதான இருக்கறேன், டிரைவருக்கு நானே கை காட்டிக்கறேன்'னு சொல்லிட்டேன். எதுக்குங்க அவருக்குத் தொந்தரவு.

கார் இருக்குதுங்க. சொந்தக் கார். சர்வீஸ்ல கெடக்குது. ஆறு வாரமாச்சு. பெரிய வேலை இல்ல, சைடு கண்ணாடி ஒண்ணு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடிதானுங்க இத்தனை கதையும். நீங்க கோயமுத்தூர் வரைக்குந்தான போறீங்க? அப்பக் கேளுங்க. நடுவுல நிக்கற ஆளா நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

மொதல்லயே சொல்லிப் போடறேன், எனக்கு சைக்கிள்காரங்க மேல ஒரு கோவமும் கெடையாது. பால்காரன் போறான், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போகுது, மில்லுக்கு வேலைக்குப் போறவன் போறான். பொழப்புக்காகப் போறாங்க. ஹாரன் அடிச்சா மண்ணுல எறங்கிக்குவாங்க. அது மரியாதை. நான் ஹாரன் அடிக்கறதும் மரியாதைதானுங்க. 'நான் வாறேன், நீ எறங்கிக்க'ன்னு முன்கூட்டியே சொல்றது மரியாதை இல்லாம வேறென்ன? முப்பத்தொரு வருசம் அவங்களும் நானும் மரியாதையாத்தான் இருந்தோம். ஒருத்தன் திரும்பி ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசறதுக்குள்ள நான் போயிருவேன், அது வேற விசயம்.

இப்ப ஒரு கூட்டம் கெளம்பியிருக்குது பாருங்க, அதுதானுங்க எனக்கு ஆகாது. வேலைக்கும் போறதில்ல, கடைக்கும் போறதில்ல. எங்கீங்க போறீங்கன்னா 'சும்மா'ங்கறாங்க. முப்பது கிலோமீட்டர் சும்மா போயி, ஒரு டீயக் குடிச்சுப் போட்டு, முப்பது கிலோமீட்டர் சும்மா திரும்பி வாறாங்க. டீ ஊட்டுல கெடைக்காதுங்களா? தொடையோட ஒட்டின டவுசரு, கருப்புக் கண்ணாடி, கிளிப்பச்சைச் சட்டை, தலையில ஓட்டை ஓட்டையா ஒரு தொப்பி. ரெண்டு ரெண்டு பேரா சேந்து நாயம் பேசிட்டே போவாங்க. ஹாரன் அடிச்சா எறங்க மாட்டாங்க. திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பார்வையத்தான் என்னால தாங்க முடியறதில்லீங்க. ரோடு அவங்களுதும்தான்னு சொல்ற மாதிரிப் பாப்பாங்க.

மடியில என்னங்க சார், ஹெல்மெட்டா? பைக்குக்குப் போடறதுன்னுதான நெனச்சேன். ஓட்டை ஓட்டையா இருக்குதே. ஓஹோ. சரி சரி. உங்களச் சொல்லலீங்க. நீங்க படிச்சவங்க, பாத்தாலே தெரியுது, ஓரமாத்தான் போவீங்க.

தம்பி, போலாம். அதொரு கெழவன், அவன் எறங்கிக்குவான். போலாம் போலாம். எறங்கிட்டான் பாருங்க.

என்ற சம்மந்தி பேரு சென்னியப்பன். எம்பொண்ணு மைதிலிக்கு மாமனார். பேங்குல ஆபீசரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். தங்கமான மனுசன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அவருக்குச் சக்கரை இருந்துச்சு. டாக்டர் தெனமும் நடங்கன்னு சொல்லியிருக்கார். நடக்கத்தானுங்க சொன்னது. இவர் போயி சைக்கிள் வாங்கிட்டார். பெடல் மிதிக்கறதுக்கு ஒரு செருப்பு தனியா இருக்குதுங்க அவர்கிட்ட. நான் பஸ்ஸே வெறுங்கால்ல ஓட்டினவன். சக்கரை கொறைஞ்சுருச்சு, அது வேற விசயம்.

பொங்கலுக்கு அவங்க ஊட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். எலையில சோத்தப் போட்டு வெச்சுட்டுப் பாடம் நடத்தறார் மனுசன். சைக்கிளைத் தாண்டிப் போறப்ப வண்டிக்காரன் அஞ்சடி தள்ளிப் போவோணுமாமா. அஞ்சடிங்க. 'சம்மந்தி, நம்ம ரோட்டுல அஞ்சடி உட்டா நான் எதுத்தாப்புல இருக்கற தென்னந்தோப்புக்குள்ளதான் பஸ்ஸ ஓட்டோணும்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க, சம்மந்தியும் சிரிச்சார். மைதிலி மட்டும் சிரிக்கல. ரசத்த ஊத்திட்டு உள்ள போயிட்டா.

அது நடந்து ஒரு மாசம் இருக்கும். ஞாயித்துக்கெழமை, காலையில ஏழு மணி. பேத்தியப் பாக்கறதுக்காகக் கார்ல போயிட்டிருக்கறேன். இதே ரோடுதான். பிரிவு வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கிளிப்பச்சைச் சட்டை. ஒத்தை ஆளு. பின்னாடி போயி ஹாரன் அடிச்சேன். எறங்கல. மறுபடி அடிச்சேன். தலையத் திருப்பி அந்தப் பார்வை ஒண்ணு பாத்துப் போட்டு, அப்படியே போறார். மூணாவது தடவை கொஞ்சம் நீளமா அடிச்சேன். அப்ப அவர் வலது கைய வெளிய நீட்டினார்.

விசயமே இங்கதானுங்க இருக்குது, நல்லாக் கேளுங்க. முன்னாடி போற லாரிக்காரன் வலது கைய வெளிய நீட்டி ஒரு ஆட்டு ஆட்டினா என்னங்க அர்த்தம்? 'எதுக்க வண்டி இல்ல, நீ ஏறிப் போ.' அவ்வளவுதான். அவனுக்கு முன்னாடி ரோடு தெரியும், நமக்குத் தெரியாது. அவன் கைய நம்பித்தான் நாம ஏறோணும். வளைவுல, மேட்டுல, மழையில, எத்தனை லாரிக்காரன் கைய நம்பி நான் அம்பது அறுபது பேரோட ஏறிப் போயிருக்கறேன் தெரியுமுங்களா? ஒருத்தன் மூஞ்சியும் நான் பாத்ததில்ல. ஒருத்தன் கையும் என்னை ஏமாத்தினதில்ல.

என்னங்க? வலது பக்கம் திரும்பறதுக்கும் அதே கையத்தான நீட்டோணும்ங்கறீங்களா? அது புஸ்தகத்துல இருக்கறதுங்க. லைசென்சு எடுக்கறப்பப் படிச்சது. எட்டுப் போடறதுந்தான் அப்ப இருந்துச்சு. லைசென்சு கைக்கு வந்தப்பறம் யாராவது ரோட்டுல எட்டுப் போட்டுட்டுப் போறாங்களா?

ஆட்டினாரான்னு கேக்கறீங்க. ஆட்டினார்னுதான் நெனக்கறேன். லேசா. காத்துல ஆடியிருக்கலாம். சைக்கிள் ஓட்டறவன் கை ஆடாம எப்படீங்க இருக்கும்?

சரின்னு நான் வலது பக்கமா ஏறினேன். அவரும் வலது பக்கமாத் திரும்பினார். தட்டிருச்சு.

அவ்வளவுதானுங்க. சைடு கண்ணாடி லேசாத் தட்டிருச்சு. ஒரு சத்தம் கேட்டுது.

ஒடனே ஓரங்கட்டி எறங்கினேன். எறங்கினதும் சத்தம் போட்டேன். தப்பா நெனக்காதீங்க, ரோட்டுல ஒண்ணு நடந்துருச்சுன்னா மொதல்ல சத்தம் போட்டுரோணும், அது தொழில் பழக்கம். யாரு முந்திச் சத்தம் போடறாங்களோ அவங்க மேல தப்பில்லைன்னு கூட்டம் முடிவு பண்ணிக்கும். அன்னைக்குக் கூட்டம் இல்ல. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? 'ஏண்டா கூமுட்டை, போன்னு கைய ஆட்டிப் போட்டு நீயே குறுக்க உழுகறயே, உங்கூட்டு ரோடாடா இது, எந்திரிடா'ன்னேன். இன்னும் ரெண்டு மூணு வார்த்தை இருக்குது, பக்கத்துல பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, வேண்டாம். அவர் எந்திரிக்கல. ஒரு கையால கருப்புக் கண்ணாடியக் கழட்டினார்.

சம்மந்தி.

வாயில வந்தது 'வாங்க சம்மந்தி'. நடு ரோட்டுல கெடக்கற மனுசனப் பாத்து வாங்கன்னு சொல்றேன். பழக்கமுங்க. சம்மந்தியக் கண்டதும் வாங்கன்னு கேக்காம நின்னா நம்மள என்ன நெனப்பாங்க? அவரும் படுத்த வாக்குலயே, 'வந்தீங்களா சம்மந்தி, ஊட்டுல எல்லாம் சவுக்கியமா'ன்னு கேட்டார். சவுக்கியமுன்னேன். அப்பறந்தான் அவரால எந்திரிக்க முடியலைன்னே எனக்குத் தெரிஞ்சது. இடது தோள்ல எலும்பு ஒடைஞ்சு போயிருந்துச்சு.

நானேதானுங்க தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அத யாரும் சொல்றதில்ல.

மைதிலி ஓடி வந்தா. 'எப்படிப்பா ஆச்சு?'ன்னா. 'தட்டிருச்சு அம்மிணி'ன்னேன். 'எது தட்டுச்சு?' 'கார்.' 'காரை யாருப்பா ஓட்டினாங்க?' கேள்வியப் பாருங்க. அவ பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சருங்க. 'தட்டிருச்சுங்கறீங்களே, அந்த வாக்கியத்துல எழுவாய் எங்கப்பா?'ன்னு கேட்டா. ஆஸ்பத்திரி வராண்டாவுல, நர்சம்மா, வாட்ச்மேன் எல்லாரும் இருக்கறப்ப. எழுவாய்னா என்னன்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதில்லாமத்தான் நான் முப்பத்தொரு வருசம் வண்டி ஓட்டியிருக்கறேன். 'செஞ்சவர் பேரு. அதுதான் எழுவாய். தட்டலப்பா, நீங்க இடிச்சீங்க. நான் இடிச்சுட்டேன்னு சொல்லுங்க'ன்னா. 'கை காட்டினது அவர்தான அம்மிணி'ன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா.

எல்லாரும்தானுங்க இப்படிச் சொல்றாங்க. கண்ணாடி கீழ உழுந்தா 'ஒடைஞ்சுருச்சு'ங்கறோம். யாராவது 'ஒடைச்சுட்டேன்'னு சொல்றாங்களா? பால் பொங்கிருச்சு, சோறு தீஞ்சுருச்சு, பஸ்ஸு போயிருச்சு. என்ற ஊட்டுக்காரி இத்தனை வருசத்துல எத்தனை தடவை சோத்தத் தீச்சிருக்கறா, ஒரு தடவையாவது எழுவாயோட சொல்லியிருப்பாளா? என்னை மட்டும் கேட்டா எப்படீங்க.

சம்மந்தி இருக்கறாரே, அவர் போலீஸ்ல சொல்லல. ஆஸ்பத்திரில கேட்டதுக்கு 'நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு, பேசிக்கறோம்'னுட்டார். பாக்க வாறவங்ககிட்டயெல்லாம், 'நாச்சிமுத்து மேல தப்பில்லீங்க, என்ற கைய அவர் தப்பாப் படிச்சுட்டார்'ங்கறார். படிக்கத் தெரியாதவன்னு சொல்லாமச் சொல்றார் பாருங்க. அதுக்கு நேராவே என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தார்னா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அன்னைக்கே கணக்குத் தீந்திருக்கும்.

போலாம் தம்பி, போலாம். ஸ்கூல் புள்ளைங்க, ஹாரன் ஒண்ணு அடிச்சுட்டுப் போங்க.

ஆறு வாரமா மைதிலி போன் எடுக்கறதில்ல. அவங்கம்மாகிட்டப் பேசறா. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன். போன வாரம் பேத்தி எப்படியோ போன எடுத்துட்டா. அஞ்சு வயசு. 'அப்பிச்சி'ன்னா. எங்க பக்கம் அம்மாவப் பெத்தவன் அப்பிச்சி, அப்பாவப் பெத்தவர் அப்பாரு. 'சொல்லு கண்ணு'ன்னேன். 'எங்க அப்பார நீங்கதான் இடிச்சீங்களா அப்பிச்சி?'ன்னு கேட்டா. அப்பறம் போன் கட்டாயிருச்சு. யாரு கட் பண்ணினாங்களோ தெரியல. அன்னைக்கு நான் சாப்புடல. சாப்புடலைன்னு யாருகிட்டச் சொல்றது.

வர்ற வெள்ளிக்கெழமை அவளுக்குக் காதுகுத்து. நாங்கதான் சீர் கொண்டு போவோணும், எம்மகன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். மைதிலி அவங்கம்மாகிட்ட முடிவாச் சொல்லிட்டா. 'அப்பா அதுக்கு முன்னாடி ஒரு நாள் இங்க வந்து, மாமா முன்னாடி நின்னு, நான் இடிச்சுட்டேன்னு சொல்லோணும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். சொல்லலைன்னா நீங்க வாங்க, தம்பி வரட்டும், அப்பா வர வேண்டாம்.' ஒரு வார்த்தைங்க. அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். சம்மந்தி அவராவே போன் பண்ணி, 'நீங்க பஸ்ஸுல வாங்க, பிரிவுல வந்து நான் நிக்கறேன்'னார். மரியாதை தெரிஞ்ச மனுசன்னு சொன்னேனில்லீங்க.

மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். 'சம்மந்தி, அன்னைக்கு நான்'னு நல்லாத்தான் ஆரம்பிக்குது. 'நான் வாறப்ப வண்டி உங்க மேல தட்டுப்பட்டு'ன்னு போயி முடியுது. மறுபடி ஆரம்பிச்சா 'என்னமோ ஆயிப்போச்சு'ன்னு முடியுது. நாக்கு அந்த எடத்துல தானா ஒடிச்சுத் திருப்பிக்குதுங்க. ஊட்டுக்காரி கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கறா. 'முப்பது வருசம் ரிவர்ஸ் எடுத்த பழக்கம், போகாது'ன்னா.

நாயமா சொல்லுங்க சார், கை காட்டினது அவரு. நம்பிப் போனது நானு. இதுல எழுவாய் யாரு?

கார் சர்வீஸ்லன்னு சொன்னேனில்லீங்க. அது வந்து அஞ்சு வாரமாச்சு. மெக்கானிக்கே கொண்டாந்து உட்டுட்டான். கவர் போட்டு மூடி நிக்குது. பேட்டரி போயிரும், ஒரு தடவை எடுத்து ஓட்டுங்கன்னு ஊட்டுக்காரி சொல்லிட்டே இருக்கறா. நேத்துக்கூட ஏறி உக்காந்தேன். சாவியப் போட்டேன். எறங்கிட்டேன். பெட்ரோல் விக்கற வெலையில எதுக்குங்க.

பைக்குள்ள என்ன சத்தம்னு பாக்கறீங்களா? அமுங்கிருச்சு போல. ஆப்பிள், பேத்திக்குக் கவுனு, அப்பறம் இது. ஹாரனுங்க. ரப்பர் குண்டு வெச்சது, அமுக்கினா பாம்னு கேக்கும். சம்மந்தி சைக்கிளுக்காக வாங்கினேன். வெறுங்கையோட போக முடியுங்களா. அவர் சைக்கிள்ல மணிகூட இல்ல. இனிமே கைய நீட்டிட்டு இருக்கறதுக்குப் பதிலா இத ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் திரும்பினார்னா யாருக்கும் எடஞ்சல் இல்ல பாருங்க. நல்ல எண்ணத்துலதானுங்க வாங்கினேன். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

மைதிலி கோவிச்சுக்குவாளா? இதுக்கு எதுக்குங்க கோவிக்கறா. பரிசுங்க இது.

அதா, வந்துருச்சு. அந்தப் புளியமரம் தெரியுது பாருங்க, அதுதான் பிரிவு. நிக்கறார், நிக்கறார். அதா, கைக்குக் கட்டுப் போட்டு, வெள்ளைச் சட்டை. கிளிப்பச்சை இல்ல, வேட்டி சட்டை போட்டுட்டு வந்திருக்கார் எனக்காக. சைக்கிள வேற கொண்டாந்திருக்கார். ஓட்டக்கூடாது, தள்ளிட்டு வந்திருப்பார், என்ற பைய மாட்டிட்டுப் போறதுக்காக இருக்கும். தம்பி, இங்கதான். தம்பி, இங்க இங்க. இதா கை காட்டறேன் பாருங்க. இங்க நான் எறங்கோணும். தம்பி. ஏனுங்க, ஏறிப் போறாரு? நிறுத்துங்க, நிறுத்துங்க தம்பி, தாண்டிருச்சு. ஐயோ, தாண்டிருச்சு.

என்னப்பா இது? நான் கை காட்டறது தெரியலயா உனக்கு?

என்ன? நான் போன்னு காட்டினேனா? வழியெல்லாம் இதே மாதிரித்தான் காட்டிட்டு வந்தேனா? அது வேற, இது வேற தம்பி. போன்னா இப்படி, முன்னாடி தள்ளறது. நில்லுன்னா இப்படி, கீழ அமுக்கறது. ரெண்டும் ஒண்ணாத் தெரியுதா உங்களுக்கு? சார், நீங்களே சொல்லுங்க. உங்களுக்குமா ஒண்ணாத் தெரியுது?

சைக்கிளோட நிக்கறவர் பஸ்ஸுக்கு நிக்கறார்னு எப்படித் தெரியும்ங்கறான். சரி, தெரியல. தெரியலைன்னா கொறைக்கோணுமில்ல? கை எதுக்குன்னு புரியலைன்னா பிரேக்கு மேல கால வெச்சு, சித்தெ பொறுத்து, வான்னு சொல்றாங்களா போன்னு சொல்றாங்களான்னு பாத்துப் போட்டுத்தான எடுக்கோணும்? ஒரு நிமிசம் பின்னாடி நின்னா என்ன கொறைஞ்சு போச்சு? வண்டி உங்க கையிலதான தம்பி இருக்குது, அவர் கையிலயா இருக்குது? இப்படித்தான் அன்னைக்கு நான் அவர இடிச்சப்ப

ஒண்ணுமில்லீங்க.

ஒண்ணுமில்ல சார். தண்ணி வேண்டாம்.

நீங்க ஜன்னலோரமாத்தான உக்காந்திருந்தீங்க, பாத்தீங்களா? நாம தாண்டறப்ப அவர் வலது கைய ஒசத்தினார். அது 'வாங்க'ன்னு சொன்ன கைங்களா, 'சரி, போங்க'ன்னு சொன்ன கைங்களா? நான் நல்லாத்தான் பாத்தேன். எனக்குத் தெரியலீங்க. நான் எறங்க மனசில்லாம அப்படியே போறேன்னு நெனச்சிருப்பார். அவரத் தாண்டி, ரெண்டாவது தடவை. ஊட்டுக்குப் போயி மைதிலிகிட்ட என்ன சொல்லுவாருங்கறீங்க? 'அவர் மேல தப்பில்ல கண்ணு, பஸ்ஸு நிக்கல'ன்னுதான் சொல்லுவார். அந்த மனுசன் அப்படித்தான் சொல்லுவார். அவ நம்பவா போறா?

போன் பண்ணிச் சொல்லலாந்தான். என்னன்னு சொல்றது? பஸ்ஸு தாண்டிருச்சுன்னா?

தம்பி, அந்த டீக்கடைகிட்ட நிறுத்துங்க. கை காட்டல, வாயில சொல்றேன். நிறுத்துங்க. கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.

இந்தாங்க சார், இந்த ஹாரன நீங்க வெச்சுக்கங்க. மாட்டறதுன்னா மாட்டுங்க, இல்லாட்டிக் கெடக்கட்டும். இத எடுத்துட்டு நான் அங்க போகக்கூடாதுங்க. ஒண்ணரைக் கிலோமீட்டர் இருக்கும், ஓரமாவே நடந்தா இருபது நிமிசம். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், நான் மண்ணுல எறங்கிக்கறேன்.

'சம்மந்தி, நான் இடிச்சுட்டேன்.' வருது பாருங்க. உங்க முன்னாடி நல்லாத்தான் வருது. அங்க போயிச் சேர்றதுக்குள்ள மறுபடி தட்டிருச்சுன்னு மாறிரக்கூடாது, அதுதான் பயமா இருக்குதுங்க.